தாய்மொழி என்னும் கட்டம்: ராமாபுரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளித் தேர்வின் வரலாறு

கள ஆய்வுக்காக ராமாபுரத்தில் தங்கியிருந்த நாள்களில், தேநீர்க் கடையில் பழக்கமான ஒருவர் ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துவந்தார். அவருடைய மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் கன்னட வழியில் ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள். எட்டாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளி தேட வேண்டும். அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கன்னட வழியில் நடக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. மற்றொன்று, மொத்தம் நூறு மாணவர்கள்கூட இல்லாத ஒரு தனியார் ஆங்கிலவழி உயர்நிலைப் பள்ளி. கையிலிருந்த படிவம் இரண்டாவது பள்ளிக்குரியது. வீட்டில் பேசுவது தமிழ்.

“தம்பி, நீங்க மொழி படிச்சவரு. இந்தக் கட்டத்துல என்ன எழுதறதுன்னு சொல்லுங்க. கன்னடம்னு போட்டுட்டா ஒரு தொந்தரவும் இல்லேங்கறாங்க.”

அவர் விரல் வைத்த கட்டத்தின் தலைப்பு ‘தாய்மொழி’.

மொழியியல் மாணவராக ஒரே சொல்லில் விடை சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது மொழியியல் வினா அன்று. ‘எதை எழுதினால் என் மகளுக்கு நல்லது’ என்பதே அவர் கேட்டது. அதற்கு விடை தேடப் புகுந்தால், பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இந்த நிலத்தில் எவ்வாறு உருவாயிற்று என்ற வரலாற்றுக்குள் செல்ல வேண்டியிருக்கிறது. அவ்வுரிமை இன்று பெற்றோர் கையில் இருக்கிறது. ஆனால் தேர்வதற்குரிய பட்டியலை அவர்கள் எழுதவில்லை. எல்லை, எண்ணிக்கை, வழக்கு என்ற மூன்றும் சேர்ந்து அதை எழுதின. இப்பதிவின் வாதம் இதுவே.

1. எல்லை

ராமாபுரம் இன்று சாமராசநகர் மாவட்டத்து ஹனூர் வட்டத்தில் இருக்கிறது. 1997இல் சாமராசநகர் தனி மாவட்டம் ஆகும்வரை இது மைசூர் மாவட்டத்துக் கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்த ஊர். அதற்கும் முன்னர், 1956 அக்டோபர் 31 வரை, கொள்ளேகால் வட்டம் முழுவதும் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயம்புத்தூர் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தபோது கொள்ளேகாலும் உடன் வந்தது. அருகிலிருந்த மைசூர், உடையார்களின் சமஸ்தானமாகத் தொடர்ந்தது. ஆகவே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இவ்வூரின் கல்வி நிர்வாகம் சென்னையிலிருந்தே நடந்தது.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். மைசூர் சமஸ்தானத்தில் 1868இல் பி. எல். ரைஸ் வகுத்த திட்டத்தின்படி ஹோப்ளிதோறும் தாய்மொழிப் பள்ளி ஒன்று அமைக்கும் முயற்சி தொடங்கியது. எல்லைக்கு இப்பால் இருந்த கொள்ளேகாலுக்கு அத்திட்டம் பொருந்தவில்லை. இங்குப் பெரும்பான்மையினர் கன்னடம் பேசினர். எனினும் சென்னை மாகாணத்துக்குள் அவர்கள் மொழிச் சிறுபான்மையினர். 1956 நவம்பர் 1 அன்று மாநில மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கொள்ளேகால் மைசூர் மாநிலத்துடன் இணைந்தது. அன்று காலை கன்னடர்கள் பெரும்பான்மையினர் ஆயினர்; அதே ஊர்களில் வாழ்ந்த தமிழர்கள் சிறுபான்மையினர் ஆயினர். எவரும் வீடு மாறவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது.

இந்த மாற்றத்தின் மறுபாதியைத் தாளவாடியில் காணலாம். ராமாபுரத்துக்கு மேற்கே மலைகளுக்கு அப்பால் உள்ள தாளவாடி, கன்னடம் பேசும் மக்கள் மிகுந்த பகுதி. அது சென்னை மாநிலத்திலேயே தங்கிவிட்டது. இன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. ராமாபுரத்துத் தமிழ்க் குடும்பம் கர்நாடகத்தில் எதிர்கொள்ளும் அதே வினாவைத் தாளவாடிக் கன்னடக் குடும்பம் தமிழ்நாட்டில் எதிர்கொள்கிறது. 2006இன் தமிழ் கற்றல் சட்டம் அங்கே தமிழைக் கட்டாயமாக்கியது. 2015இன் கன்னட மொழி கற்றல் சட்டம் இங்கே கன்னடத்தைக் கட்டாயமாக்கியது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு ஒரு மாநிலத்தை மட்டும் குற்றம் சொல்ல மனம் வராது.

ராமாபுரத்தைச் சுற்றியுள்ள நிலம் இரு மொழிகளோடு முடிவதில்லை. மலைகளில் சோலிகர் வாழ்கின்றனர். மார்ட்டள்ளிச் சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் கத்தோலிக்கக் குடியிருப்புகள் உள்ளன. ஒடெயரபாளையத்தில் 1974 முதல் திபெத்தியக் குடியிருப்பு இருக்கிறது. நாடிழந்து வந்த அம்மக்களுக்குத் திபெத்திய மொழி கற்பிக்கும் பள்ளி அமைந்தது. ஒரே வட்டாரத்தில் எந்தச் சிறுபான்மைக்குப் பள்ளி கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்பதைத் தனியே ஓர் ஆய்வேடாக எழுதலாம்.

2. எண்ணிக்கை

எல்லைகள் மொழிவழியே வகுக்கப்படும்போது ஒவ்வொரு மாநிலத்திலும் சிறுபான்மையினர் எஞ்சுவர் என்பதை அன்றைய ஆட்சியாளர்கள் அறிந்திருந்தனர். 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு சூத்திரம் வகுத்தது. ஒரு தொடக்கப் பள்ளியில் ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் 40 பேர் இருந்தால், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையேனும் அமர்த்த வேண்டும். 1956இல் ஏழாம் சட்டத்திருத்தத்தின் வழியாக அரசியல் சாசனத்தில் 350அ உறுப்பு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் கருத்து.

‘தொடக்க நிலையில்’ என்ற சொற்றொடரைக் கவனிக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளி 350அ உறுப்பின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப முயன்றது தென் மண்டலக் குழு. 1959இல் அது ஏற்ற ஏற்பாட்டின்படி உயர்நிலை வகுப்புகளில் மொத்தம் 60 மாணவர், வகுப்புக்கு 15 மாணவர் என்ற அளவு இருந்தால் சிறுபான்மை மொழியைப் பயிற்றுமொழியாகக் கொள்ளலாம். 1956 நவம்பர் 1 அன்று நிலவிய வசதிகளைக் குறைக்கலாகாது என்பதும், பள்ளியாண்டு தொடங்கும் முன்னரே பெற்றோரின் விண்ணப்பங்களைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பதும் அக்கால ஏற்பாடுகளின் பகுதிகள்.

தொடக்கப் பள்ளியில் வகுப்புக்கு 10. உயர்நிலைப் பள்ளியில் 15. பெங்களூரிலோ கோலார் தங்கவயலிலோ இது எளிதில் எட்டக்கூடிய எண்ணிக்கையாக இருந்தது. சிதறிய குடியிருப்புகளைக் கொண்ட மலையடிவார ஊர்களில் அப்படியன்று. இன்னொன்றும் உண்டு. தொடக்கப் பள்ளியில் 10 பேர் சேர்ந்தாலும், அவர்களுள் எட்டாம் வகுப்புவரை வருவோர் குறைவு. மேலே செல்லச் செல்ல மாணவர் குறைகின்றனர். விதி கேட்கும் எண்ணிக்கையோ கூடுகிறது. மேலே உயர்நிலைப் பள்ளி இல்லை என்று தெரிந்த பெற்றோர் கீழே தொடக்கப் பள்ளியிலும் சேர்க்கத் தயங்குவர். அதனால் 10 என்ற எண்ணும் எட்டப்படாமல் போகும். இந்தச் சுழலை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட இரண்டு எண்கள் ஒன்றையொன்று தின்றன.

எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது? விண்ணப்பத்தில் உள்ள ‘தாய்மொழி’ என்ற கட்டத்திலிருந்து வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

3. தனியார் உயர்நிலைப் பள்ளி

அரசுப் பள்ளியே பழைய வழக்கம், தனியார் பள்ளி அண்மைக் காலப் புதுமை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. உயர்நிலைக் கல்வியைப் பொறுத்தவரை இது சரியன்று. 1854இன் வுட் கல்வி அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறையை இந்தியாவில் வேரூன்றச் செய்தது. 1882இன் ஹண்டர் குழு இன்னும் ஒரு படி சென்றது. தொடக்கக் கல்வியை உள்ளாட்சி அமைப்புகள் பார்த்துக்கொள்ள வேண்டும். உயர்நிலைக் கல்வியிலிருந்து அரசு மெல்ல விலகி, மானியம் பெறும் தனியாரிடம் அதை விட வேண்டும் என்பது அதன் பரிந்துரை. சென்னை மாகாணத்தின் புகழ்பெற்ற உயர்நிலைப் பள்ளிகள் பல, மதச் சபைகளாலும் உள்ளூர்ச் செல்வர்களாலும் சாதிச் சங்கங்களாலும் நடத்தப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்பள்ளிகளுக்கும் இன்றைய சிறு ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கும் இடையிலான வேறுபாடு மானியத்தில் இருக்கிறது. மானியம் பெற்ற பள்ளி அரசின் விதிகளுக்கு உட்பட்டது. ஆசிரியர் ஊதியமும் கட்டணமும் ஓரளவு ஒழுங்குக்குள் இருந்தன. உதவிபெறாத பள்ளி பெற்றோரின் கட்டணத்தால் வாழ்கிறது. எனவே அது யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதும் மாறிவிடுகிறது. கட்டணம் செலுத்தும் பெற்றோர் ஆங்கிலம் கேட்கின்றனர். பள்ளி ஆங்கிலம் தருகிறது.

இங்கே ‘சிறிய’ என்ற சொல்லைச் சிந்திக்க வேண்டும். வகுப்பில் 12 பேர் மட்டுமே உள்ள தமிழ்வழி உயர்நிலைப் பிரிவு, 15 என்ற விதியின்முன் தோற்றுவிடும். அதே ஊரில் வகுப்புக்கு 12 பேரோடு ஓர் ஆங்கிலவழிப் பள்ளி பல ஆண்டுகள் நடக்கலாம். முன்னதற்குச் சிறுமை குறை. பின்னதற்குச் சிறுமை விளம்பரம். ‘ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கவனம்’ என்று துண்டறிக்கையில் அச்சிடலாம். எண்ணிக்கை ஒன்றே, பயிற்றுமொழி மாறும்போது அதன் பொருள் மாறுகிறது.

4. வழக்கு

கர்நாடகத்தில் பள்ளிமொழி அரசியல் பிரச்சினையாக எழுந்தது உயர்நிலைப் பள்ளியை முன்னிட்டுத்தான். உயர்நிலை வகுப்புகளில் எது முதல்மொழி, சமஸ்கிருதத்துக்கு அவ்விடம் தகுமா என்ற விவாதத்தைத் தீர்க்க வி. கி. கோகக் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1981 தொடக்கத்தில் அறிக்கை வந்தது. உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே ஒரே முதல்மொழியாக, 150 மதிப்பெண்ணுடன் இருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதை நடைமுறைப்படுத்தக் கோரி 1982இல் நடந்த கிளர்ச்சியில் நடிகர் ராஜ்குமார் இறங்கியபின் அது மாநிலம் தழுவிய இயக்கமாயிற்று. அவ்வாண்டு ஜூலை 20 அன்று அரசாணை வந்தது.

மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்றனர். 1989 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அவ்வாணையின் கட்டாயப் பகுதிகளைச் செல்லாதவை என்றது. அவ்வாண்டே அரசு திருத்திய ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. ஆங்கிலவழி மாணவர்களின் பெற்றோர் சங்கம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1993 டிசம்பரில் தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தது. அந்த வலிமையில் 1994 ஏப்ரல் 29 அன்று அரசு புதிய ஆணை பிறப்பித்தது. ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை பயிற்றுமொழி தாய்மொழியாகவோ கன்னடமாகவோ இருக்க வேண்டும்; ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறலாம்.

இந்த ஆணைக்கும் நடைமுறைக்கும் இடையே ஒரு பெரிய பிளவு தோன்றியது. கன்னட வழிக்கு அனுமதி பெற்று ஆங்கில வழியில் வகுப்பு நடத்திய தனியார் பள்ளிகள் பெருகின. 2006இல் அரசு கணக்கெடுத்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளின் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற நடவடிக்கை எடுத்தது. அப்பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருந்த பெற்றோர் பலருக்கு, தாங்கள் ‘ஆங்கிலப் பள்ளி’ என்று நம்பியது காகிதத்தில் கன்னடப் பள்ளி என்பது அப்போதுதான் தெரிந்திருக்கும். பள்ளியின் பெயர்ப்பலகைக்கும் அதன் அங்கீகார ஆணைக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

2008 ஜூலை 2 அன்று உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, உதவிபெறாத பள்ளிகளுக்கு 1994இன் ஆணை பொருந்தாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குச் சென்றது. 2014 மே 6 அன்று தீர்ப்பு வந்தது. தமிழ்நாடும் இதே பாதையில் முன்னரே ஒருமுறை நடந்திருந்தது. 1999 நவம்பரில் தொடக்க வகுப்புகளுக்குத் தமிழ் அல்லது தாய்மொழியைப் பயிற்றுமொழியாக்கி வந்த அரசாணையை 2000 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு நீக்கியது.

2014இன் தீர்ப்பில் மொழியியலார் மீண்டும் மீண்டும் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. ‘தாய்மொழி’ என்றால் என்ன என்பதே அமர்வின் முன் இருந்த முதல் வினா. தாய்மொழி என்பது குழந்தை இயல்பாகப் பேசும் மொழி என்ற பொருளைச் சாசனத்துக்குள் கொண்டுவர இயலாது. சாசனத்தின் நோக்கில் அது மாநிலத்தின் மொழிச் சிறுபான்மையினரது மொழி. ஒரு குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் முடிவு செய்வர். இதுவே விடையின் சாரம். தொடக்க நிலையில் தாய்மொழியே சிறந்தது என்ற வல்லுநர் கருத்தை நீதிமன்றம் மறுக்கவில்லை. நல்லது என்பதற்காக அதை அரசு திணிக்க முடியாது என்றது. பயிற்றுமொழியைத் தேரும் உரிமை பேச்சுரிமையின் ஒரு பகுதி என்று கொண்டது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்பது, ஒருவரது குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழி. நீதிமன்றத்தின் வரையறையிலோ அது பெற்றோர் அறிவிக்கும் மொழி. ஒரே சொல், ஒரே அரசமைப்பின் இரண்டு அலுவலகங்களில் இரண்டு பொருள் பெறுகிறது. மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் முதல் இயக்குநர் தே. பி. பட்டநாயக், பன்மொழியத்தையும் தாய்மொழிக் கல்வியையும் இணைத்து எழுதிய நூல் 1981இல் வந்தது. கோகக் அறிக்கை வந்த ஆண்டும் அதுவே. ஒரே மாநிலத்தில் ஒரே ஆண்டில் வந்த இரண்டு ஆவணங்களில், மக்கள் வாழ்வின் பன்மொழித் தன்மையைத் தொடக்கமாகக் கொண்டது பின்னதை விட முன்னதே. வழக்குகளும் கிளர்ச்சிகளும் பின்னதைச் சுற்றியே நடந்தன.

5. பிற நாடுகளின் இரண்டு வழக்குகள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், முதல் உலகப் போரின் சூட்டில், 1919இல் ஒரு சட்டம் இயற்றியது. எட்டாம் வகுப்பை முடிக்காத குழந்தைகளுக்கு ஆங்கிலம் தவிர வேறு வாழும் மொழி எதையும் கற்பிக்கக் கூடாது. ஹாம்ப்டன் என்ற சிற்றூரின் லூத்தரன் சபைப் பள்ளியில் ஆசிரியர் ராபர்ட் மேயர் ஒரு சிறுவனுக்கு ஜெர்மன் மொழி கற்பித்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. தனியார் பள்ளியின் சுதந்திரம் அங்கே சிறுபான்மை மொழிக்குக் கேடயமாக நின்றது.

இரண்டாவது, பெல்ஜியம். டச்சு மொழிப் பகுதிகளில் வாழ்ந்த பிரெஞ்சு மொழிப் பெற்றோர், தம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வழிக் கல்வி வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சென்றனர். 1968 ஜூலையில் வந்த தீர்ப்பின்படி, கல்வி உரிமை என்பது பெற்றோர் விரும்பும் மொழியில் அரசு பள்ளி நடத்த வேண்டும் என்ற உரிமையாகாது. தேர்வுரிமை வேறு, அத்தேர்வுக்கு அரசு செலவிட வேண்டும் என்பது வேறு என்று அந்நீதிமன்றம் பிரித்தது.

இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ராமாபுரத்தைப் பார்க்கலாம். ஹாம்ப்டனில் சிறிய தனியார் பள்ளி வீட்டுமொழியைக் காத்தது. ராமாபுரத்துத் தந்தையின் முன் இருக்கும் சிறிய தனியார் பள்ளியில் அவர் வீட்டுமொழிக்கு இடமில்லை. 2014இன் தீர்ப்பு ஹாம்ப்டன் வழியில் பெற்றோரை விடுவித்தது; ஆனால் பெல்ஜிய வழக்கு சுட்டிய எல்லையும் அப்படியே இருக்கிறது. தமிழ் எங்கள் தாய்மொழி என்று அறிவிக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அறிவித்தபின் தமிழ் கற்பிக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளி அருகில் இருக்க வேண்டும் என்ற உறுதி எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

6. மூன்று இருக்கைகள்

பயிற்றுமொழியை விடுவோம். பாடமாகவேனும் தமிழ் படிக்க முடியுமா? கர்நாடகப் பத்தாம் வகுப்புத் தேர்வில் மூன்று மொழிப்பாடங்களும் மூன்று பிற பாடங்களுமாக நெடுங்காலம் 625 மதிப்பெண்கள் இருந்துவந்தன. முதல்மொழிக்கு 125, மற்றவை ஒவ்வொன்றுக்கும் 100. முதல்மொழிப் பட்டியலில் கன்னடம், ஆங்கிலம், உருது, மராத்தி முதலியவற்றுடன் தமிழும் உண்டு. சட்டம் கதவை அடைக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை புரியும். கன்னடவழி அரசுப் பள்ளியில் வழக்கமான வரிசை கன்னடம், ஆங்கிலம், இந்தி. ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. 2015இன் சட்டத்துக்குப் பின் கன்னடம் முதலிலோ இரண்டாவதிலோ இருந்தாக வேண்டும். மூன்று இருக்கைகளும் நிரம்பிவிட்டன. தமிழ் அமர வேண்டுமானால் முதல் இருக்கையில்தான் அமர முடியும். அதற்குத் தமிழாசிரியர் வேண்டும். தமிழாசிரியர் வேண்டுமானால் எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கைக்கு மீண்டும் அந்தக் கட்டத்துக்கே திரும்ப வேண்டும்.

ஆகவே அந்தத் தந்தை ஆங்கிலவழிப் பள்ளியைத் தேர்ந்ததைத் தாய்மொழிப் பற்றின்மை என்று கூற இயலாது. தமிழ் அவர் முன் வைக்கப்பட்ட தட்டில் இல்லவே இல்லை. இருந்த இரண்டில் ஒன்று அண்டை வீட்டாரின் மொழி. மற்றொன்று வேலை தரும் என்று எல்லோரும் சொல்லும் மொழி. அரசே 2019இல் தன் பள்ளிகள் ஆயிரத்தில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்தது. அரசு செய்த தேர்வை ஒரு குடும்பம் செய்யும்போது மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது.

எனினும் இத்தேர்வுக்கு ஒரு விலை உண்டு. ஏழாண்டுகள் கன்னடத்தில் கணக்கும் அறிவியலும் படித்த சிறுமி, எட்டாம் வகுப்பில் எல்லாவற்றையும் ஆங்கிலப் பெயர்களில் புதிதாகத் தொடங்க வேண்டும். இத்தகைய பள்ளிகளில் நான் அமர்ந்து கேட்ட வகுப்புகளில் பாடநூல் ஆங்கிலம், விளக்கம் கன்னடம், வினா விடை மனப்பாட ஆங்கிலம். வீட்டில் பேசும் தமிழுக்கு எழுத்து இல்லை. மூன்று மொழிகளில் வாழ்கிற குழந்தை, மூன்றில் எதிலும் தனக்குத் தோன்றியதைத் தானாக ஒரு பக்கம் எழுத முடியாமல் பத்தாம் வகுப்பை அடையக்கூடும். என் அச்சம் இதுவே.

7. கட்டத்தில் எழுதியது

அவருக்கு நான் பள்ளியின் பெயர் எதையும் பரிந்துரைக்கவில்லை. வரலாறு கற்பித்த சில வினாக்களை மட்டும் சொன்னேன். அங்கீகார ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். எந்த வகுப்புவரை, எந்தப் பயிற்றுமொழிக்கு அனுமதி என்று பாருங்கள். 2006இன் பாடம் அது. பத்தாம் வகுப்புத் தேர்வை அப்பள்ளியின் பெயரிலேயே எழுதுவார்களா என்று கேளுங்கள். மூன்று மொழி இருக்கைகளில் யார் யார் என்று கேளுங்கள். கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சிறிய பள்ளியில் ஓர் ஆசிரியர் விலகினால் ஒரு பாடமே விலகிவிடும். எட்டாம் வகுப்பின் முதல் மூன்று மாதங்களில், கன்னட வழியிலிருந்து வரும் பிள்ளைக்கு என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். கடைசி வினாவுக்குத் தெளிவான விடை சொல்லும் பள்ளி, சிறியதாயினும் நல்ல பள்ளி. விடை சொல்லாத பள்ளியைவிட அரசுப் பள்ளியின் கன்னட வகுப்பில் அவள் தொடர்வது மேல். அங்கே அவளுக்குத் தெரிந்த அறிவியலேனும் அவளிடம் தங்கும்.

எப்பள்ளியாயினும், தமிழ் எழுத்தை வீட்டில் கற்பிக்க ஓராண்டு போதும் என்றேன். கன்னட எழுத்து அறிந்த குழந்தைக்கு உயிர், மெய், உயிர்மெய் என்ற அடுக்கு முன்பே மனத்தில் இருக்கிறது. வடிவங்களை மாற்றிக்கொண்டால் போதும்.

“அந்தக் கட்டம்?” என்றார்.

தமிழ் என்று எழுதுங்கள் என்றேன். அதனால் நாளையே ஒரு தமிழாசிரியர் வந்துவிட மாட்டார். கன்னடம் என்று எழுதினாலும் மகளுக்கு எந்த நன்மையும் கூடப்போவதில்லை. ஆனால் 10, 15, 40, 60 என்று விதிகள் கேட்கும் எண்கள் எல்லாம் அந்தக் கட்டத்திலிருந்தே பிறக்கின்றன. அதில் இல்லாத குழந்தை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒவ்வொரு பெற்றோரும் தொந்தரவு வேண்டாம் என்று வேறொன்றை எழுதினால், ‘இங்கே தமிழ்க் குழந்தைகள் இல்லை’ என்று ஓர் அலுவலர் எழுதும் குறிப்பு பொய்யாகாது. தாளவாடியில் கன்னடத் தந்தை ஒருவர் கேட்டிருந்தால் கன்னடம் என்று எழுதுங்கள் என்றே அவருக்கும் சொல்லியிருப்பேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலான ஆணைகளும் வழக்குகளும் அந்தப் பெற்றோருக்கு இறுதியில் விட்டுச்சென்ற அதிகாரம் ஒன்றே ஒன்று: தாய்மொழி எது என்று சொல்வது. கட்டணமில்லாத அத்தேர்வை அவர் செய்துகொண்டார். பேனாவை வாங்கிக் கன்னட எழுத்தில் ‘தமிளு’ என்று எழுதினார். அவருக்குத் தெரிந்த எழுத்து அதுதான்.